பல கோப்புகளில் பிரிந்து கிடக்கும் மழைத் தரவுக்குச் சராசரி காண்பது: என்சிஓ கட்டளைகளைக் கொண்டு ஒரு வழிகாட்டி

முப்பது ஆண்டுகளின் அன்றாட மழை அளவு, ஆண்டுக்கு ஒன்றாக முப்பது கோப்புகளில் இருக்கிறது. அவற்றிலிருந்து வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் இடத்திலும் சராசரியாக எவ்வளவு பெய்கிறது என்று கணக்கிட வேண்டும். வானிலை, நீரியல், வேளாண்மை ஆகிய துறைகளில் ஆய்வு செய்பவர்களுக்கு இது அடிக்கடி வரும் வேலை. பைத்தானில் நிரல் எழுதியும் செய்யலாம். ஆனால் என்சிஓ என்ற கட்டளைத் தொகுப்பில் ஐந்தாறு வரிகளில் இதை முடித்துவிடலாம். நினைவகத்தில் எல்லாக் கோப்புகளையும் ஒருசேர ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை. நான் இந்தக் கருவியைப் பரிந்துரைப்பதற்கு வேகம் மட்டும் காரணமன்று. எதைக் கூட்டுகிறோம், எதனால் வகுக்கிறோம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு வரியிலும் நம்மையே விடை சொல்ல வைக்கும் இயல்பு இதற்கு உண்டு. சராசரியில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்த வகுக்கும் எண்ணில்தான் ஒளிந்திருக்கின்றன.

என்சிஓ என்பது நெட்சிடிஎஃப் வடிவக் கோப்புகளைக் கையாளும் கட்டளைகளின் தொகுப்பு. சார்லி ஜெண்டர் என்ற வளிமண்டல அறிவியலாளர் 1990களில் தொடங்கிய இந்தத் திறமூலத் திட்டம் இன்றும் பராமரிக்கப்பட்டு வருகிறது. நெட்சிடிஎஃப் வடிவம் அமெரிக்காவின் யூனிடேட்டா மையம் உருவாக்கியது. கோப்பிற்குள்ளேயே பரிமாணங்கள், மாறிகள், அலகுகள், குறிப்புகள் அனைத்தும் எழுதப்பட்டிருப்பதால், அந்தக் கோப்பைப் புரிந்துகொள்ள வேறோர் ஆவணத்தைத் தேட வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாக நாம் கையாளப்போவது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம் வழங்கும் கால் டிகிரி கட்ட மழைத் தரவு, அதாவது நாட்டின் மீது கால் டிகிரி இடைவெளியில் அமைந்த புள்ளிகளுக்கான மழை அளவு. 1901ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் மழை அளவு இதில் உண்டு. வெவ்வேறு காலங்களில் பதிவு செய்த 6,955 மழைமானி நிலையங்களின் அளவீடுகளை வைத்து இது உருவாக்கப்பட்டது. அட்சரேகை 6.5 முதல் 38.5 வரை 129 வரிசைகள், தீர்க்கரேகை 66.5 முதல் 100 வரை 135 நிரல்கள், ஆக ஒரு நாளுக்கு 17,415 புள்ளிகள். 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளில் எட்டு லீப் ஆண்டுகள் வருவதால் மொத்தம் 10,958 நாட்கள். எண்களின் எண்ணிக்கை 19 கோடியைத் தாண்டும். கண்ணால் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் அளவைக் கடந்த தரவு என்பதால், ஒவ்வொரு படியிலும் சரிபார்த்துக்கொண்டே போவது அவசியம்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளையும் அவற்றின் தெரிவுகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் இடவேண்டும். பெரிய எழுத்து என்று நான் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் சிறிய எழுத்துதான்.

முதலில் தலைப்பகுதியைப் படியுங்கள்

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் வழக்கமான தொகுப்பு நிறுவியிலேயே என்சிஓ கிடைக்கும்; காண்டா என்ற தொகுப்பு நிறுவி வழியாகவும் நிறுவிக்கொள்ளலாம். அதனுடன் நெட்சிடிஎஃப் துணைக்கருவிகளையும் நிறுவிக்கொள்ளுங்கள், ஏனெனில் நாம் முதலில் ஓட்டப்போகும் கட்டளை அதில்தான் இருக்கிறது.

என்சிடம்ப் -ஹெச் மழை_2015.என்சி

இது தரவைக் கொட்டாமல் தலைப்பகுதியை மட்டும் காட்டும். நான்கு செய்திகளை இதில் பார்க்க வேண்டும். பரிமாணங்களின் சரியான பெயர் என்ன என்பது முதலாவது: காலம் என்பதற்கு 'டைம்' என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா, பெரிய எழுத்தில் இருக்கிறதா என்பது கட்டளைக்கு முக்கியம். அந்தக் காலப் பரிமாணத்துக்கு எதிரே 'அன்லிமிடெட்' என்ற சொல் இருக்கிறதா என்பது இரண்டாவது. காலத்தின் அலகு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பது மூன்றாவது. மழை மாறியின் கீழே, விடுபட்ட மதிப்பு எந்தப் பண்பின், அதாவது மாறியோடு சேர்த்து எழுதப்படும் குறிப்பின், பெயரில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பது நான்காவது. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

காலப் பரிமாணம் வரம்பற்றதாக, அதாவது பதிவுகளைச் சேர்த்துக்கொண்டே போகக்கூடிய 'அன்லிமிடெட்' ஆக இல்லையென்றால், பதிவுகளுக்குச் சராசரி காணும் என்சிஆர்ஏ கட்டளை வேலை செய்யாது. கோப்பிலிருந்து வேண்டிய பகுதியை எடுத்துப் புதிய கோப்பாக எழுதும் என்சிகேஎஸ் கட்டளையில் இரட்டைக் கோட்டுடன் 'எம்கே_ரெக்_டிஎம்என்' என்ற தெரிவைக் கொடுத்து, அடுத்து காலப் பரிமாணத்தின் பெயரை எழுதினால், வரம்பற்ற பரிமாணம் கொண்ட புதிய கோப்பு உருவாகும். மூலக் கோப்பு மாறாது.

பருவத்தை வெட்டி எடுத்தல்

வடகிழக்குப் பருவமழைக் காலம் என்று வானிலைத் துறை கணக்கில் கொள்வது அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலான 92 நாட்களை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதங்களில் பெய்கிறது. ஆண்டு முழுவதற்குமான கோப்பிலிருந்து இந்தப் பகுதியை மட்டும் தனிக் கோப்பாக வெட்டுவது நம் முதல் வேலை.

என்சிகேஎஸ் -டி டைம்,"2015-10-01","2015-12-31 23:59:59" -டி லேட்,8.0,13.5 -டி லான்,76.0,80.5 மழை_2015.என்சி பருவம்_2015.என்சி

இந்த ஒரே வரியில் கவனிக்க வேண்டியவை பல இருக்கின்றன. '-டி' தெரிவு ஒரு பரிமாணத்தை எங்கிருந்து எதுவரை எடுப்பது என்று சொல்கிறது. அதற்குப் பின் வரும் எண்ணில் புள்ளி இருந்தால் என்சிஓ அதை அட்சரேகை, தீர்க்கரேகையின் மதிப்பாகக் கொள்ளும். புள்ளி இல்லாத முழு எண்ணாக இருந்தால், பூச்சியத்திலிருந்து தொடங்கும் வரிசை எண்ணாகக் கொள்ளும். 8.0 என்பதற்குப் பதில் 8 என்று எழுதினால் எட்டு டிகிரி அட்சரேகை கிடைக்காது. பூச்சியத்திலிருந்து எண்ணி எட்டாவது வரிசை, அதாவது 8.5 டிகிரி கிடைக்கும். வடக்கு எல்லைக்கு 13 என்று எழுதினால் 9.75 டிகிரியில் வெட்டு நின்றுவிடும். தீர்க்கரேகைக்கு 76, 80 என்று எழுதினால் 85.5 முதல் 86.5 டிகிரி வரை, அதாவது இலங்கைக்குக் கிழக்கே நடுக்கடலில் ஒரு துண்டு கிடைக்கும். அங்கே இந்தத் தரவில் எந்த மதிப்பும் இல்லை. முடிவு முழுவதும் விடுபட்டதாகவே வரும். அது ஒருவகையில் நல்லதுதான், ஏனென்றால் பிழை உடனே தெரிந்துவிடும். ஆனால் வேறொரு கட்டத்தில், வேறொரு நாட்டுத் தரவில், அதே தவறு நம்பத்தக்க எண்களைத் தந்து நம்மைக் கடந்துபோய்விடக்கூடும். ஆகவே இடத்தைக் குறிக்கும் எண்களில் புள்ளி இடுவதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

காலத்துக்கு வரிசை எண் கொடுப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சாதாரண ஆண்டில் அக்டோபர் 1ஆம் தேதி, பூச்சியத்திலிருந்து எண்ணினால் 273ஆவது பதிவு. லீப் ஆண்டில் அது 274ஆவது பதிவு. முப்பது கோப்புகளுக்கும் ஒரே வரிசை எண்ணைக் கொடுத்தால், எட்டு ஆண்டுகளில் செப்டம்பர் 30 உள்ளே வந்து டிசம்பர் 31 வெளியே போய்விடும். எண்ணிக்கை அப்போதும் 92ஆகவே இருக்கும் என்பதால் பதிவுகளை எண்ணிப் பார்த்தாலும் தவறு புலப்படாது. தேதியை மேற்கோள் குறிக்குள் எழுதினால், காலத்தின் அலகைப் படித்து என்சிஓவே சரியான பதிவைத் தேடிக்கொள்ளும்.

முடிவுத் தேதியோடு 23:59:59 என்று நேரத்தையும் சேர்த்திருப்பதற்கும் காரணம் உண்டு. தேதியை மட்டும் எழுதினால் அது அந்த நாளின் நள்ளிரவு 00 மணியைக் குறிக்கும். கோப்பில் ஒவ்வொரு நாளும் நண்பகல் 12 மணிக்குரியதாகப் பதிவாகியிருந்தால், டிசம்பர் 31 அந்த எல்லைக்கு அப்பால் விழுந்து, 91 நாட்களே மிஞ்சும். நேரத்தைச் சேர்த்துவிட்டால் இரு வகைக் கோப்புகளுக்கும் பொருந்தும்.

நாள் என்பதற்கு இந்தத் தரவில் என்ன பொருள் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் ஒரு தேதியின் மழை என்பது அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தின் மழை. அக்டோபர் 1ஆம் தேதிக்குரிய எண்ணில் பெரும்பகுதி செப்டம்பர் 30 அன்று பெய்தது. பருவம் முழுவதற்குமான சராசரியில் இதனால் பெரிய வேறுபாடு வராது. ஆனால் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கிடும் செயற்கைக்கோள் தரவோடு நாளுக்கு நாள் ஒப்பிடுபவர்கள் இதை மறந்தால் இரண்டும் பொருந்தாமல் போகும்.

மேலே உள்ள வரியை, முனையத்தில் கட்டளைகளை இயக்கும் ஷெல்லின் 'ஃபார்' சுற்றுக்குள் வைத்து, 1991 முதல் 2020 வரை ஆண்டு எண் மட்டும் மாறும்படி ஓட்டினால், 92 பதிவுகள் கொண்ட முப்பது சிறு கோப்புகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 92 பதிவுகள் இருக்கின்றனவா என்று என்சிடம்ப் வழியாகப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

ஒரே கோப்புகள், மூன்று சராசரிகள்

இங்கேதான் சிந்திக்க வேண்டும். "முப்பது கோப்புகளுக்குச் சராசரி" என்று சொல்வது முழுமையான கேள்வியே அன்று. குறைந்தது மூன்று வெவ்வேறு விடைகள் அதற்கு உண்டு. மூன்றும் சரியானவை, மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு உரியவை.

என்சிஆர்ஏ பருவம்_*.என்சி நாள்சராசரி.என்சி

என்சிஆர்ஏ எல்லாக் கோப்புகளையும் முனையோடு முனை சேர்த்த ஒரே நீண்ட வரிசையாகக் கொண்டு, 30 முறை 92, அதாவது 2,760 நாட்களுக்கும் ஒரே சராசரி காண்கிறது. விடை ஒரே வரைபடம். அதன் அலகு நாளொன்றுக்கு இத்தனை மில்லிமீட்டர்.

என்சிஇஎஸ் பருவம்_*.என்சி தேதிசராசரி.என்சி

என்சிஇஎஸ் கட்டளை, பழைய பதிப்புகளில் என்சிஇஏ என்ற பெயரில் இருந்தது, கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக் கணக்கிடுகிறது. முதல் கோப்பின் முதல் பதிவும், இரண்டாம் கோப்பின் முதல் பதிவும் என்று முப்பதும் சேர்ந்து ஒரு சராசரி ஆகின்றன. விடையில் 92 வரைபடங்கள் இருக்கும்: அக்டோபர் 1ஆம் தேதியின் முப்பதாண்டுச் சராசரி, அக்டோபர் 2ஆம் தேதியின் சராசரி என்று வரிசையாக. பருவமழை எந்த வாரத்தில் வலுக்கிறது என்று அறிய விரும்புபவருக்கு இதுவே வேண்டியது. எல்லாக் கோப்புகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது இதற்கு நிபந்தனை. 365 பதிவுகளும் 366 பதிவுகளும் கலந்த முழு ஆண்டுக் கோப்புகளை இதற்குக் கொடுக்கக் கூடாது. பிப்ரவரி முடிந்தபின் வரும் ஒவ்வொரு பதிவும் லீப் ஆண்டில் வேறு தேதியைக் குறிக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். பருவத்தைத் தேதிப்படி முன்பே வெட்டி வைத்ததால் நமக்கு இந்தச் சிக்கல் எழவில்லை.

மூன்றாவது விடைக்கு இரண்டு படிகள் தேவை.

என்சிஆர்ஏ -ஒய் டிடிஎல் பருவம்_2015.என்சி மொத்தம்_2015.என்சி

என்சிஇஎஸ் மொத்தம்_*.என்சி பருவமொத்தச்சராசரி.என்சி

'-ஒய்' தெரிவு என்ன கணக்கு செய்வது என்று குறிக்கிறது. 'டிடிஎல்' என்றால் கூட்டுத்தொகை. முதல் வரியை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓட்டி முப்பது பருவ மொத்தங்களைப் பெறுகிறோம். இரண்டாவது வரி அவற்றின் சராசரியைத் தருகிறது. பருவ மழை இயல்பளவு இத்தனை மில்லிமீட்டர் என்று செய்தியில் சொல்லப்படுவது இந்த வகை எண்தான். வெப்பநிலைக்குக் கூட்டுத்தொகை பொருளற்றது. மழைக்குச் சராசரியைவிடக் கூட்டுத்தொகையே இயல்பானது. எந்த மாறிக்கு எது பொருந்தும் என்று கருவி நமக்குச் சொல்லாது.

'டிடிஎல்' இருக்கும் இடத்தில் 'மேக்ஸ்' என்று எழுதினால் பெருமதிப்பு கிடைக்கும். வெள்ளத்தைப் பற்றி ஆராய்பவர்கள் சராசரியோடு இதையும் கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த ஒரு நாள், 2,760 நாட்களின் சராசரியில் கலந்தபின் அடையாளமே தெரியாமல் போய்விடும். சென்னையின் அந்த டிசம்பரை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, சராசரி மட்டும் எவ்வளவு போதாதது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்டுக்கு ஆண்டு மழை எவ்வளவு மாறுகிறது என்று திட்ட விலக்கம் காணவும் இதே கோப்புகள் போதும். ஒவ்வோர் ஆண்டின் மொத்தத்திலிருந்தும் சராசரியை என்சிபிஓ கட்டளையால் கழித்து முப்பது விலகல் கோப்புகளை உருவாக்கி, அவற்றின்மேல் என்சிஇஎஸ் கட்டளையை '-ஒய் ஆர்எம்எஸ்எஸ்டிஎன்' என்ற தெரிவோடு ஓட்டுங்கள். அது வர்க்கங்களின் கூட்டுத்தொகையை எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அதாவது 29ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கும்.

விடுபட்ட மதிப்புகள்

இந்தத் தரவில் கடற்பகுதிக்கும் நாட்டு எல்லைக்கு வெளியே உள்ள பகுதிக்கும் -999 என்ற எண் இடப்பட்டிருக்கிறது. அது மழை அளவு அன்று, "இங்கே மதிப்பு இல்லை" என்பதற்கான குறி. இந்தக் குறியை என்சிஓ அடையாளம் காண்பது '_ஃபில்வேல்யூ' என்ற பண்பின் மூலம் மட்டுமே. கோப்பை உருவாக்கியவர் 'மிஸ்ஸிங்_வேல்யூ' என்ற பண்பை மட்டும் எழுதியிருந்தால், என்சிஓ -999ஐ உண்மையான மழை அளவாகவே எடுத்துக்கொள்ளும். முப்பது நாட்களில் 29 நாட்கள் மழையின்றி, ஒரு நாள் மட்டும் இந்தக் குறி இருந்தால், சராசரி -33.3 மில்லிமீட்டர் என்று வரும். வறண்ட இடத்தில் இப்படி எதிர்மறை எண் வந்து நம்மை எச்சரித்துவிடும். நல்ல மழை பெய்யும் இடத்திலோ சராசரி வெறுமனே குறைந்து, நம்பும்படியான எண்ணாகவே நிற்கும்.

இதைச் சரிசெய்ய என்சிஏடெட் என்ற கட்டளையால் மழை மாறிக்கு '_ஃபில்வேல்யூ' பண்பை -999 என்ற மதிப்போடு சேர்க்க வேண்டும். மாறி எந்த எண் வகையில் இருக்கிறதோ அதே வகையில் இந்தப் பண்பும் இருக்க வேண்டும். சராசரிக்கு முன்பே, வெட்டிய சிறு கோப்புகளில் இதைச் செய்துவிடுவது எளிது.

குறி சரியாக அடையாளம் காணப்பட்டபின் வேறொரு நுட்பமான சிக்கல் எழுகிறது. என்சிஓ விடுபட்ட மதிப்பை விட்டுவிட்டு, இருக்கும் மதிப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறது. சராசரிக்கு இது நியாயமான நடைமுறை. கூட்டுத்தொகைக்கு இதுவே ஆபத்தாகிறது. ஓர் இடத்தில் ஒரு பருவத்தில் 92 நாட்களில் 60 நாட்களுக்கு மட்டும் மதிப்பு இருந்து, அவற்றின் மொத்தம் 240 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாள் சராசரி 4 மில்லிமீட்டர் என்று என்சிஓ சொல்லும். பருவ மொத்தம் 240 என்றும் சொல்லும். ஆனால் நாளுக்கு 4 மில்லிமீட்டர் வீதம் 92 நாட்களுக்கு 368 வந்திருக்க வேண்டும். விடுபட்ட 32 நாட்களும் மழையே பெய்யாத நாட்கள் என்று கருதியதற்குச் சமமாகிவிடுகிறது அந்த 240.

இதைக் கண்டுபிடிக்க நம் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. முதல் வகைச் சராசரியை 92ஆல் பெருக்குங்கள்; மூன்றாவது வகை விடையோடு ஒப்பிடுங்கள். தரவு முழுமையாக உள்ள இடங்களில் இரண்டும், கடைசி இலக்கங்களின் தோராயம் தவிர, ஒன்றாகவே இருக்கும். எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே சில நாட்கள் விடுபட்டிருக்கின்றன. ஒரே தரவை இரண்டு வழிகளில் கணக்கிட்டு ஒப்பிடும் இந்தச் சிறு உழைப்பு, வேறெந்தச் சோதனையையும்விட எனக்கு நம்பிக்கை தருவது.

எத்தனை மதிப்புகளிலிருந்து சராசரி வந்தது என்று எண்ணிக்கையே வேண்டுமென்றால், சூத்திரம் கொடுத்துப் புதிய மாறியை உருவாக்கும் என்சிஏபி2 கட்டளையில் மழை மாறியைப் பூச்சியத்தால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். இருக்கும் மதிப்பெல்லாம் 1 ஆகும். விடுபட்டது விடுபட்டதாகவே இருக்கும். அந்தப் புதிய மாறிக்கு 'டிடிஎல்' காண்பதே எண்ணிக்கை. சராசரி வரைபடத்தை வெளியிடும்போது இந்த எண்ணிக்கை வரைபடத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூன்று மதிப்புகளின் சராசரியும் முப்பது மதிப்புகளின் சராசரியும் வரைபடத்தில் ஒரே நிறத்தில்தான் தெரிகின்றன.

சராசரிகளின் சராசரி

நமக்குத் தரவு எப்போதும் நாள் அளவில் கிடைப்பதில்லை. மாதச் சராசரிக் கோப்புகள் மட்டுமே கையில் இருக்கும் நிலையும் வரும். அப்போது மூன்று மாதக் கோப்புகளையும் அப்படியே என்சிஆர்ஏவுக்குக் கொடுத்தால், 30 நாள் கொண்ட நவம்பரும் 31 நாள் கொண்ட அக்டோபரும் சம எடை பெறும். வேறுபாடு சிறிதுதான், ஆனால் கோப்புகளில் உள்ள நாட்களின் எண்ணிக்கை அதிகம் மாறுபடும்போது அது பெரிதாகும். 10 நாட்களின் சராசரி 2 மில்லிமீட்டர், அடுத்த 20 நாட்களின் சராசரி 8 மில்லிமீட்டர் என்றால், முப்பது நாட்களின் உண்மையான சராசரி 6. இரண்டு சராசரிகளை மட்டும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது 5. அண்மைப் பதிப்புகளில் இதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது.

என்சிஆர்ஏ -டபிள்யூ 31,30,31 அக்டோபர்.என்சி நவம்பர்.என்சி டிசம்பர்.என்சி பருவம்.என்சி

கோப்புகளின் வரிசையும் எடைகளின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே * என்ற உடுக்குறியைப் பயன்படுத்தாமல் கோப்புப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுவது பாதுகாப்பானது, ஏனென்றால் உடுக்குறி பெயர்களை அகரவரிசையில் விரிக்கும். ஆங்கில மாதப் பெயர்கள் அகரவரிசையில் நாட்காட்டியின் வரிசைப்படி அமைவதில்லை.

இடத்தின் மீது சராசரி காணும்போதும் எடைக் கேள்வி எழுகிறது. கால் டிகிரி கட்டம் வடக்கே போகப் போகப் பரப்பில் சுருங்குகிறது. அதன் எடை அட்சரேகையின் கொசைனுக்கு ஏற்ப அமையும். 8 டிகிரியில் அது 0.990, 13.5 டிகிரியில் 0.972. தமிழ்நாட்டுக்குள் வேறுபாடு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. காஷ்மீரை ஒட்டி 37 டிகிரியில் அது 0.799 ஆகிவிடுவதால், நாடு முழுவதற்கும் எடையின்றிச் சராசரி காண்பது சரியாகாது. என்சிஏபி2 வழியாகக் கொசைன் மாறியை உருவாக்கி, என்சிடபிள்யூஏ கட்டளையில் '-டபிள்யூ' தெரிவால் அதை எடையாகவும், '-ஏ' தெரிவால் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் சராசரி காண வேண்டிய பரிமாணங்களாகவும் கொடுங்கள். நாம் வெட்டிய செவ்வகத்துக்குள் கேரளத்தின் பகுதிகளும் கர்நாடகம், ஆந்திரத்தின் ஓரங்களும் அடங்கும் என்பதால், அதன் சராசரியைத் தமிழ்நாட்டின் சராசரி என்று எழுதிவிடக் கூடாது. மாநில எல்லைக்குள் 1, வெளியே 0 என்று ஒரு முகமூடி மாறி இருந்தால் அதையும் எடையோடு பெருக்கிக்கொள்ளலாம்.

காற்றின் திசைக்கு இந்தக் கட்டளைகளை நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் சராசரி காணச் சொன்னால் 180 என்று விடை வரும். வடக்கிலிருந்து வீசிய காற்று தெற்கிலிருந்து வீசியதாகிவிடும். கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு என்ற இரு கூறுகளுக்கும் தனித்தனியே சராசரி கண்டு, பிறகு திசையைக் கணக்கிட வேண்டும்.

கோப்புகளை இழக்காமல் இருக்க

என்சிஓ கட்டளைகளில் கடைசியாக எழுதும் பெயரே வெளியீட்டுக் கோப்பு. அந்தப் பெயரை எழுத மறந்துவிட்டால், உடுக்குறி விரித்த பட்டியலின் கடைசிக் கோப்பு, அதாவது 2020ஆம் ஆண்டின் தரவு, வெளியீடாகக் கொள்ளப்படும். ஏற்கெனவே உள்ள கோப்பு என்பதால் மேலெழுதலாமா என்று கட்டளை கேட்கும். பெரிய எழுத்து '-ஓ' தெரிவைக் கொடுத்திருந்தால் கேட்காமலேயே மேலெழுதிவிடும். பல எடுத்துக்காட்டுகளில் அந்தத் தெரிவு முதலிலேயே இருப்பதால், பார்த்து எழுதுபவர்களுக்கு அதுவே பழக்கமாகிவிடுகிறது. மூலக் கோப்புகளுக்கு எழுதும் அனுமதியை நீக்கி, அவற்றைத் தனிக் கோப்புறையில் வைத்துவிடுங்கள்.

வெளியீட்டுக் கோப்பின் பெயர் உள்ளீட்டின் உடுக்குறிக்குள் அடங்காதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். பருவம்_சராசரி.என்சி என்று பெயரிட்டு அதே கோப்புறையில் வைத்தால், அடுத்த முறை பருவம்_*.என்சி என்று எழுதும்போது அந்தச் சராசரியும் முப்பத்தோராவது உள்ளீடாகச் சேர்ந்துவிடும். எண்கள் சற்றே நகரும். பிழைச் செய்தி எதுவும் வராது.

பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து உருவாக்கும் ஈஆர்ஏ5 போன்ற மறுபகுப்பாய்வுத் தரவைச் சுருக்கிய முழு எண்களாக, ஒரு பெருக்கியும் ஒரு கூட்டெண்ணும் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகளாகவும் காணலாம். என்சிஆர்ஏவும் என்சிஇஎஸ்ஸும் அவற்றைத் தாமே விரித்துக்கொண்டு கணக்கிடும். பதிவுகளை ஒட்ட மட்டும் செய்யும் என்சிஆர்கேட் விரிப்பதில்லை. கோப்புக்குக் கோப்பு பெருக்கி மாறினால் ஒட்டிய கோப்பு பயனற்றதாகிவிடும். முதலில் பெரிய எழுத்து '-யு' தெரிவுடன் என்சிபிடிக்யூ கட்டளையால் விரித்துவிட்டு ஒட்டுங்கள். பெருக்கி எதுவுமின்றி முழு எண்ணாகவே பதிவான மாறியாக இருந்தால், அதன் சராசரியும் முழு எண்ணாகவே எழுதப்பட்டு பின்னம் இழக்கப்படும். அதை முன்பே பதின்ம எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஹாம்பர்க் நகரின் மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய சிடிஓ என்ற தொகுப்பிலும் இவ்வேலைகள் அனைத்தையும் செய்யலாம். மாதங்களைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்பது அதில் இன்னும் எளிது. இரண்டையும் நிறுவி வைத்துக்கொண்டு, ஒன்றின் விடையை மற்றொன்றால் சரிபார்ப்பவர்களும் உண்டு.

ஒரு புள்ளியைக் கையால் கணக்கிடுங்கள்

வரைபடம் அழகாக வந்துவிட்டது என்பதற்காக எண்களை நம்பிவிடக் கூடாது. ஒரே ஒரு புள்ளியை எடுத்துத் தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். சென்னைக்கு அருகில் உள்ள கட்டப்புள்ளி அட்சரேகை 13.0, தீர்க்கரேகை 80.25. முழு இந்தியக் கோப்பில் அது, பூச்சியத்திலிருந்து எண்ணினால், 26ஆவது வரிசையும் 55ஆவது நிரலும். மூலக் கோப்பிலிருந்து, வெட்டிய கோப்பிலிருந்து அல்ல, ஒரே ஓர் ஆண்டின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மதிப்புகளை என்சிகேஎஸ் வழியாகத் திரையில் அச்சிட்டு, 'ஆக்' என்ற லினக்ஸ் கட்டளையாலோ ஒரு விரிதாளிலோ கூட்டுங்கள். இடத்தை ஒருமுறை புள்ளியிட்ட மதிப்பாகவும், மறுமுறை வரிசை எண்ணாகவும் கொடுத்தால் அதுவும் சேர்ந்து சரிபார்க்கப்படும். கிடைத்த தொகை, அந்த ஆண்டின் மொத்தக் கோப்பில் அதே புள்ளியில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். சாதாரண ஆண்டு ஒன்றையும் லீப் ஆண்டு ஒன்றையும் எடுத்து இரண்டு முறை செய்யுங்கள். தேதி ஒரு நாள் நகர்ந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

பொருந்தவில்லையென்றால், வெளியீட்டுக் கோப்பின் தலைப்பகுதியில் 'ஹிஸ்டரி' என்ற பண்பைப் பாருங்கள். அந்தக் கோப்பு உருவானது வரை ஓடிய என்சிஓ கட்டளைகள், தெரிவுகளோடும் ஓடிய நாள், நேரத்தோடும் அதில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். எந்த வரியில் புள்ளி விடுபட்டது, எந்த வரியில் 'டிடிஎல்' எழுத மறந்தோம் என்று அங்கேயே கண்டுபிடித்து, அந்த வரியிலிருந்து மட்டும் மீண்டும் ஓட்டினால் போதும். என்சிடம்ப்பில் தலைப்பகுதியைக் காட்டிய '-ஹெச்' தெரிவு, என்சிஓ கட்டளைகளில் இந்தப் பதிவை எழுதாமல் தடுக்கும். தலைப்பகுதி நீளமாகிறது என்பதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம்.